யாழினிக்குப் பொருந்திய மருந்து

அன்று காலை அவள் என்னை "அம்மா" என்று கூப்பிடத்தான் பார்த்தாளாம். பல நாள் கழித்து அவளே சொன்னது இது. நான் கண்டது வேறு. பள்ளிக்கூடத்துக்கு எழுப்பலாம் என்று போர்வையை விலக்கினேன். யாழினியின் வாய் வலது பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. கன்னம் வெட்டி வெட்டித் துடித்தது. எச்சில் வழிந்து தலையணை நனைந்திருந்தது. தொண்டையிலிருந்து ஏதோ கொப்பளிப்பது போல ஒரு சத்தம். கண் மட்டும் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

பிறகு வலது கை உதறத் தொடங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடம்பு முழுவதும் விறைத்து வெட்டியது. கண் மேலே செருகிக்கொண்டது.

நாங்கள் தில்லி துவாரகாவில் ஒரு சொசைட்டி ஃப்ளாட்டில் இருக்கிறோம். என் கணவர் செந்தில் விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்து வெளியே வந்தவர். இப்போது விமான நிலையத்தில் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை. நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். இரண்டு பேருக்கும் ஊர் விருதுநகர்ப் பக்கம். யாழினி ஒரே பிள்ளை, தில்லியிலேயே பிறந்தவள். அப்போது அவளுக்கு எட்டு வயது.

நான் போட்ட சத்தத்தில் செந்தில் ஓடி வந்தார். பக்கத்து ஃப்ளாட் ஹர்ப்ரீத் ஆன்ட்டி, மாவு பிசைந்த கையோடு வந்தார். வந்த வேகத்தில் எங்கள் கதவில் தொங்கிய சாவிக்கொத்தைப் பிடுங்கி யாழினியின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். எங்கள் ஊரில் செய்வதையே பஞ்சாபிலும் செய்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சிறிது நேரத்தில் வெட்டு தானாக நின்றது. சாவியால்தான் நின்றது என்று ஆன்ட்டி வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார். யாழினி குறட்டை விட்டுத் தூங்க ஆரம்பித்தாள். செந்தில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினார்.

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர், அவள் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "பஹலே கபீ மிர்கீ கா தௌரா படா ஹை?" இதற்கு முன் மிர்கீ வந்திருக்கிறதா என்று. மிர்கீ என்றால் வலிப்பு நோய். தமிழில் அந்தச் சொல் வந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். இந்தியில் வந்ததால், வேறு யாருடைய பிள்ளையையோ பற்றிக் கேட்பது போல, "நஹீ" என்று சாதாரணமாகப் பதில் சொன்னேன். அதன் அர்த்தம் நெஞ்சில் இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

ஒருமுறை வலிப்பு வந்தால் அது வலிப்பு நோய் என்று ஆகிவிடாது என்று அவர் சொன்னார். காய்ச்சல், சர்க்கரை குறைவது, உடம்பில் உப்பு குறைவது என்று எதனாலும் வரலாம். அதனால் வார்டில் வைத்துப் பார்ப்போம் என்றார். நான் அந்த "எதனாலும்" என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். முந்தின நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, வெயிலில் விளையாடினாள், அதுதான், அதுவாகத்தான் இருக்கும் என்று செந்திலிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் யாழினியின் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விடியும் நேரத்தில், வார்டிலேயே, இரண்டாவது முறை வந்தது. அதே வலது கன்னம், அதே கொப்பளிப்பு. இந்த முறை கையோடு நின்றுவிட்டது. எங்கள் வார்டில் லிஸி சிஸ்டர் என்று ஒரு மலையாளி நர்ஸ் இருந்தார். ஓடி வந்தவர் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். வாயில் எதையும் வைக்கவில்லை, கையைக் காலைப் பிடித்து அமுக்கவில்லை. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "மோளே, ஒண்ணுமில்ல, இப்ப போயிடும்" என்று அவள் காதருகே சொல்லிக்கொண்டே இருந்தார். அது போனது. வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான் என்று எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான்: பக்கவாட்டில் படுக்க வை, வாயில் எதுவும் திணிக்காதே, நேரம் பார், கூடவே இரு. ஐந்து நிமிடம் தாண்டினால் மட்டும் அவசரம்.

அதன்பிறகு பரிசோதனைகள். எம்.ஆர்.ஐ. எடுக்கும் குழாய்க்குள் போக யாழினி மறுத்தாள். உள்ளே பெரிய சத்தம் வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். செந்தில் அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, விமானத்தின் இன்ஜினைச் சரிபார்க்கும்போது தான் காதை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்பதைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு அர்த்தம் இருக்கும், எந்தச் சத்தம் எதற்கு என்று கண்டுபிடிப்பதுதான் அப்பாவின் வேலை என்றார். அவள் உள்ளே போனாள். வெளியே வந்ததும், "ரெண்டாவது சத்தம் ட்ரில் மாதிரி இருந்துச்சுப்பா, மூணாவது சும்மா தட்டுது" என்று அறிக்கை கொடுத்தாள். படத்தில் கட்டி எதுவும் இல்லை, கோளாறு எதுவும் இல்லை. செந்தில் வராந்தாவுக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அழுதார்.

அடுத்தது ஈ.ஈ.ஜி. மூளையில் ஓடும் மின்சாரத்தை வரைந்து காட்டும் சோதனை. தலையில் பசை தடவி ஏகப்பட்ட கம்பிகளை ஒட்டுவார்கள், வலி இல்லை. ஆனால் சோதனையின்போது பிள்ளை தூங்க வேண்டும். அதற்காக அன்று இருட்டு பிரியும் முன்பே எழுப்பி, சோதனை வரை விழித்திருக்கச் செய்ய வேண்டும். தூங்காதே என்று ஒரு குழந்தையிடம் கெஞ்சுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்று தெரிந்தது. நானும் செந்திலும் மாறி மாறி அவளை வராந்தாவில் நடத்தினோம். அந்தாக்ஷரி பாடினோம். அவளுக்குத் தெரிந்த தமிழ்ப் பாட்டு தீர்ந்துபோய் இந்திக்குப் போனாள், இந்தியும் தீர்ந்துபோய் விளம்பரப் பாட்டுகளைப் பாடினாள். கடைசியில் கம்பி ஒட்டிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டாள். சோதனை முடிந்தபின் தலைமுடி முழுக்கப் பசை. லிஸி சிஸ்டர் தன் வேலை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல், தேங்காயெண்ணெய் தேய்த்து, வெந்நீர் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பசையை எடுத்துக் கொடுத்தார்.

முடிவு சொல்ல எங்களைக் கூப்பிட்டார்கள். அறை வாசலில் இருந்த ஊழியன், பெயரைப் பார்த்து "யஜினி, யஜினி" என்று கூவினான். எங்களைத்தான் என்று புரியச் சற்று நேரமானது. உள்ளே குழந்தைகள் நரம்பியல் டாக்டர், ஐம்பது வயது இருக்கும், எங்களைப் பார்க்கும் முன் யாழினியைப் பார்த்துப் பேசினார். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்தினால் டீச்சர் சொல்வது கேட்குமா என்று இந்தியில் கேட்டார். கேட்காது என்றாள். உன் மூளையில் ஒரு மூலையில் சில பேர் அப்படித்தான் திடீரென்று சேர்ந்து கத்துகிறார்கள், அந்த மூலைதான் வாயையும் கையையும் பார்த்துக்கொள்கிறது, அதனால்தான் உனக்குப் பேச வரவில்லை என்றார். "அப்ப நான் பைத்தியம் இல்லையா?" என்று யாழினி கேட்டாள். அந்தப் பயம் அவளுக்குள் இருந்ததே எங்களுக்குத் தெரியாது.

பிறகு எங்களிடம் சொன்னார். இது வலிப்பு நோய்தான். ஆனால் குழந்தைப் பருவத்தில் வந்து, பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பதின்பருவத்தில் தானாகவே விலகிவிடும் வகை. தூக்கத்திலும், தூங்கி எழும் நேரத்திலும்தான் அதிகம் வரும். எப்போதாவது ஒருமுறை வருகிற பிள்ளைகளுக்கு மருந்தே கொடுக்காமல் பார்ப்பதும் உண்டு. யாழினிக்கு அடுத்தடுத்து வந்துவிட்டது, ஒருமுறை உடம்பு முழுக்கப் பரவியும்விட்டது. அதனால் மருந்து தொடங்கலாம் என்றார்.

செந்தில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். இருக்கிற மருந்துகளிலேயே சிறந்தது எது, அதை எழுதிக் கொடுங்கள் என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. புதிதாக வருகிற ஒவ்வொரு பெற்றோரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார். பிறகு பொறுமையாக மூன்று மருந்துகளைப் பற்றிச் சொன்னார். லெவெடிராசெட்டம்: சீக்கிரமாகவே முழு அளவுக்குக் கொண்டுபோகலாம், மற்ற மருந்துகளோடு மோதாது, அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, ஆனால் சில பிள்ளைகளுக்கு மனநிலையைக் கெடுக்கும், எரிச்சலும் அழுகையும் வரும். ஆக்ஸ்கார்பசெபின்: இந்த மாதிரி ஒரு மூலையில் தொடங்கும் வலிப்புக்கு நன்றாக வேலை செய்யும், ஆனால் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், தொடக்கத்தில் தூக்கம் வரும், சிலருக்குத் தோலில் தடிப்பு வரும், ரத்தத்தில் உப்பு குறையலாம். வால்ப்ரோயேட்: பழைய மருந்து, பலமான மருந்து, ஆனால் எடை கூடும், கல்லீரலைக் கவனிக்க வேண்டும், பெண் குழந்தைக்கு வளர்ந்தபின் கர்ப்ப காலத்தில் ஆபத்து, அதனால் வேறு வழி இருக்கும்போது அவர் அதைத் தொடங்குவதில்லை.

"வலிப்பை நிறுத்துவதில் முதல் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. உங்கள் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதைக் கொடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். இரண்டு பேரும் தலையாட்டினோம். எங்களுக்கு உண்மையில் காதில் விழுந்தது "சீக்கிரமாக" என்ற சொல் மட்டும்தான். லெவெடிராசெட்டத்தோடு வீடு திரும்பினோம்.

வலிப்பு நின்றது. செந்தில் கொஞ்ச நாள் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாயைப் போட்டுப் படுத்தார். விடியும் நேரத்தில் எழுந்து உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் வரவில்லை. ஊரிலிருந்து அவருடைய அண்ணன் போனில் பேசினார். பொம்பளப் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் காட்சி இருக்கிறது, வெளியே யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்றார். பதிலுக்கு நான், பள்ளிக்கூடத்தில் சொல்லியாகிவிட்டது, ஆபீசில் சொல்லியாகிவிட்டது, சொசைட்டி வாட்ச்மேனுக்குக்கூட என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாகிவிட்டது என்றேன். மறைக்க இதில் எதுவும் இல்லை. இதை இப்போது எழுதுவதும் அதனால்தான்.

மூன்றாவது வாரம் போல ஆரம்பித்தது. தோசை வார்க்கும்போது கல்லில் ஒட்டிக் கிழிந்துவிட்டது. யாழினி தட்டைத் தள்ளினாள். அழுதாள். பள்ளி வேன் வந்து போய், வெயில் ஏறிய பிறகும் அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுத்தமான பிள்ளைதான், பிடிவாதமும் உண்டு. ஆனால் இது அதுவல்ல. அடுத்த நாள் தான் வரைந்த படத்தைத் தானே கிழித்தாள். பள்ளியில் பக்கத்துப் பிள்ளையைத் தண்ணீர் பாட்டிலால் அடித்துவிட்டாள் என்று டீச்சர் போன் செய்தார். ஹர்ப்ரீத் ஆன்ட்டி சுடச்சுட ஹல்வா கொண்டுவந்தார். "வேண்டாம், போங்க" என்று அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது ஆன்ட்டி, "பீமாரி மே ஹை பேட்டா, கோயீ பாத் நஹீ" என்றார். உடம்பு சரியில்லாத பிள்ளை, பரவாயில்லை என்று அர்த்தம். உடம்புதான் சரியாக இருந்தது. அதுதான் வேதனை.

டாக்டரிடம் சொன்னேன். ஒரு வைட்டமின் மாத்திரை சேர்த்துப் பார்க்கலாம், சில பிள்ளைகளுக்கு அது எரிச்சலைக் குறைக்கிறது என்றார். இவளுக்குக் குறையவில்லை. மருந்தை மாற்றலாமா என்று யோசித்து வரச் சொன்னார்.

செந்தில் ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், யாழினி தூங்கிக்கொண்டிருந்தாள். சாப்பிட்ட தட்டு காய்ந்துகொண்டிருக்க உட்கார்ந்து பேசினோம்.

"வீட்டுக்கு வந்ததுலேர்ந்து ஒரு தடவைகூட வரல, சித்ரா. நல்லா ஓடிட்டிருக்கிற இன்ஜினை யாரும் பிரிக்க மாட்டாங்க. கோபம்தானே, வளர வளரச் சரியாயிடும்."

"நல்லா ஓடுதுன்னு யார் சொன்னா? அவ சிரிச்சு எவ்வளவு நாளாச்சுன்னு பாத்தீங்களா?"

"சிரிக்கலன்னா பரவால்ல. அன்னைக்கு என் கண்ணு முன்னால அவ விறைச்சுக் கிடந்தா. இனி ஒரு தடவை அதைப் பார்க்க என்னால முடியாது."

அவர் பயமும் உண்மை. என் பயமும் உண்மை. இரண்டு பயத்துக்கும் நடுவில் எங்கள் பிள்ளை இருந்தாள்.

இரண்டு நாள் கழித்து, நான் அவளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். செந்தில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். ரிப்பன் சரியாக இல்லை என்று உருவி எறிந்தவள், உடனே அதைக் குனிந்து எடுத்து என் மடியில் வைத்தாள். அழவில்லை. ரொம்ப நிதானமாகச் சொன்னாள்: "அம்மா, குஸ்ஸா முதல்ல வருது. ஏன் வந்துச்சுன்னு அப்புறம்தான் தேடுறேன். எனக்கு நானா இருக்கவே பிடிக்கல."

குஸ்ஸா என்றால் கோபம். அவளுக்குத் தமிழில் அந்தச் சொல் சட்டென்று வராது. செந்தில் ஒரு ஷூவோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு போனை எடுத்து, அவரே மருத்துவமனைக்குப் பேசினார். அன்றே வரச் சொன்னார்கள்.

யாழினி சொன்னதை டாக்டர் அவள் வாயாலேயே மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். எங்களிடம் திரும்பி, ஒரு பிள்ளை இவ்வளவு தெளிவாகச் சொன்னபிறகு யோசிக்க எதுவுமில்லை என்றார். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு ஏதாவது வந்ததா என்று எங்களைத் தனியாக அழைத்துக் கேட்டார். வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்றார். வரவில்லை. ஆனால் அப்படியும் வரக்கூடும் என்று தெரிந்துகொண்டது நல்லதாயிற்று. மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வலிப்பு பாய்ந்து வரும். ஆக்ஸ்கார்பசெபினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, லெவெடிராசெட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஒருமுறை வந்தாலும் வரலாம், அதற்குத் தயாராக இருங்கள் என்றார். செந்தில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சரி என்றார்.

அன்று மருந்துக்காகக் காத்திருந்தபோது என் பக்கத்தில் ரோத்தக்கிலிருந்து வந்த ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பெயர் சுனிதா. அவர் பையன் எதிரே பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் குதித்துக்கொண்டிருந்தான். எந்த மருந்து என்று கேட்டேன். லெவெடிராசெட்டம் என்றார், அதற்கு முன் ஆக்ஸ்கார்பசெபின் கொடுத்தார்களாம், உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிட்டதாம், அதனால் டாக்டர்களே ஒரே நாளில் நிறுத்திவிட்டார்களாம். இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். அவர் பையனைக் கையால் காட்டினார். பார்த்தாலே தெரிகிறதே என்பது போல. நாங்கள் விட்டுவிட்டு வருகிற மருந்து அவனைக் குதிக்க வைத்திருக்கிறது. அவனைத் தடிக்க வைத்த மருந்துதான் என் கைப்பையில் ஏறப்போகிறது. சுனிதாவிடம் இதைச் சொன்னேன். அவர் சற்று யோசித்து, என் கையைத் தட்டி, ஹரியானாக்காரர்களுக்கே உரிய உரத்த குரலில் சிரித்தார். நானும் சிரித்தேன். டாக்டர் அவ்வளவு நேரம் விளக்கியது எனக்கு அந்தப் பெஞ்சில்தான் முழுதாகப் புரிந்தது.

புது மருந்தின் முதல் இரண்டு வாரம் யாழினி எங்கே உட்கார்ந்தாலும் தூங்கினாள். வகுப்பில் தூங்கினாள், மெட்ரோவில் தூங்கினாள், சப்பாத்தியைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கினாள். தோலில் ஒரு புள்ளி தெரிந்தாலும் உடனே காட்டச் சொல்லியிருந்தார்கள். மழைக்காலம் முடிகிற நேரம், துவாரகா முழுக்கக் கொசு. ஒருநாள் முழங்கையில் மூன்று சிவப்புத் தடிப்பு. எனக்கு உயிரே போனது. போட்டோ எடுத்து டாக்டரின் உதவியாளருக்கு அனுப்பினேன். கொசுக்கடி, வேப்பெண்ணெய் தடவுங்கள் என்று பதில் வந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது செந்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பழைய மருந்து பாதியாகக் குறைந்திருந்தபோது ஒரு விடியற்காலையில் வந்தது.

நான் அடுப்படியில் இருந்தேன். செந்தில் என்னைக் கூப்பிட்ட குரலில் பதற்றம் இல்லை. அதனால்தான் எனக்குப் புரிந்துவிட்டது. போய்ப் பார்த்தபோது அவளை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்திருந்தார். ஒரு கை அவள் முதுகில். கண் சுவர்க் கடிகாரத்தில். "அப்பா இருக்கேன், அப்பா இங்கதான் இருக்கேன்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கன்னம் துடித்தது, கை உதறியது, பரவவில்லை. நின்றது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. எச்சிலைத் துடைத்துவிட்டு, அவள் மறுபடி தூங்கும் வரை தட்டிக் கொடுத்தார்.

அவர் எழுந்து வந்து என்ன சொல்லப்போகிறார் என்று கதவோரம் நின்றேன். நான் கேட்டுத்தானே மருந்தை மாற்றினோம். அவர் கையைக் கழுவினார். துண்டில் துடைத்தார்.

"டாக்டர்கிட்ட சொல்லு. புது மருந்து இன்னும் கொஞ்சம் ஏத்தணும்போல" என்றார். பிறகு, "பழசுக்குத் திரும்பிப் போக வேண்டாம். நேத்து சாயங்காலம் பாத்ரூம்ல பாடிட்டிருந்தா, கேட்டியா?" என்றார்.

கேட்டேன். ஆனால் அவரும் கேட்டிருப்பார் என்று நினைக்கவில்லை. அந்தக் காலை நேரத்தில் என் கணவர் மீது எனக்கு வந்த பிரியத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன்.

மருந்து ஏறியது. ரத்தத்தில் உப்பு பார்த்தார்கள், சரியாக இருந்தது. தூக்கக் கலக்கம் போனது. பழைய மருந்து முழுதாக நின்றது. எங்கள் யாழினி ஒரே நாளில் திரும்பி வரவில்லை. இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்றுதான் வந்தாள். தண்ணீர் பாட்டிலால் அடி வாங்கிய பிள்ளையோடு டிபன் மாற்றிக்கொண்டாள். ரசத்தில் தக்காளி ஏன் மிதக்கிறது என்று பழையபடி வம்புக்கு வந்தாள். ஒருநாள் லிஃப்டில் ஹர்ப்ரீத் ஆன்ட்டியைப் பார்த்ததும், அதற்குள் மாதங்கள் ஓடிவிட்டிருந்தன, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்: "ஆன்ட்டி, வோ ஹல்வா அபீ பீ ஹை க்யா?" அந்த ஹல்வா இன்னும் இருக்கிறதா என்று. ஆன்ட்டி லிஃப்டிலேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். சாயங்காலமே ஒரு கிண்ணம் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வலிப்பு வரவில்லை. இன்னும் கொஞ்ச காலம் இப்படியே போனால், மறுபடி ஈ.ஈ.ஜி. எடுத்துப் பார்த்து, மருந்தைக் குறைக்கலாமா என்று யோசிக்கலாம் என்கிறார் டாக்டர். குறைத்தபின் வந்துவிடவும் கூடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. இப்போது எங்களுக்கு அது பயமுறுத்தும் செய்தியாக இல்லை. இந்த மாதிரிக் காத்திருப்பு அறைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்வேன்: முதல் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எல்லாம் தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். பிள்ளையிடம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். கேட்டதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

போன மாதம் பள்ளியில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை ஹரியானா எல்லையில் ஒரு பண்ணைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள். ஒரு ராத்திரி அங்கேயே தங்க வேண்டும். யாழினி எங்களிடம் கேட்கவில்லை; அடுத்த பரிசோதனைக்குப் போனபோது நேராக டாக்டரிடம் கேட்டாள். போகலாம் என்றார் அவர். அடுக்குக் கட்டிலில் மேலே படுக்காதே, குளத்தில் தனியாக இறங்காதே, மாத்திரையைத் தவறவிடாதே, நேரத்துக்குத் தூங்கு. வலிப்பு வந்து ஐந்து நிமிடம் தாண்டினால் மூக்கில் அடிக்க வேண்டிய மருந்தை டீச்சரிடம் கொடுத்து, எப்படி அடிப்பது என்றும் காட்டச் சொன்னார். நான் செந்திலைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போய்ட்டு வரட்டும்" என்றார்.

பஸ் கிளம்பும்போது யாழினி எங்களுக்குக் கையசைக்கக்கூட இல்லை. ஜன்னல் சீட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வர மனமில்லாமல் இருவரும் நம் ஊர்ச் சாமான் கிடைக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய், தேவையே இல்லாமல் முருங்கைக்காயும் அப்பளமும் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

மறுநாள் சனிக்கிழமை. விடியும் நேரத்தில் விழிப்பு வந்து பார்த்தால் செந்தில் ஏற்கெனவே கட்டிலில் உட்கார்ந்திருந்தார், போன் கையில். நானும் எழுந்து உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே வெளுத்துக்கொண்டு வந்தது. முதல் விமானங்களின் சத்தம் கேட்டது.

போனில் டீச்சரின் செய்தி வந்தது. அவர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். யாழினி எழுந்துவிட்டாள், மாத்திரை சாப்பிட்டாள், மற்ற எல்லோரையும் எழுப்பிவிட்டாள், இப்போது மூன்றாவது பராட்டா கேட்கிறாள், கொடுக்கலாமா என்று இருந்தது.

"தாராளமா" என்று செந்தில் பதில் எழுதினார். போனைத் தலைமாட்டில் வைத்தார். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் சமையலை முடித்து, துணி காயப்போட்டு, முருங்கைக்காய் நறுக்கி முடிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.